கல்வெட்டு இல்லாத வேலை

தர்மபுரி மாவட்டத்தின் பழைய ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றைச் சுற்றி வந்தால், சுவரில் பதித்த கல்வெட்டுகளைக் கொண்டே அரை நூற்றாண்டுக் கல்வி நிதியின் கதையைச் சொல்லிவிடலாம். ஓட்டுக் கட்டடம் ஒரு காலம்; கரும்பலகைத் திட்ட அறை ஒரு காலம்; உலக வங்கிப் பணத்தில் எழுந்த அறை இன்னொரு காலம். ஒவ்வொன்றிலும் ஆண்டு இருக்கும், தொகை இருக்கும், திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். 'இந்த ஆண்டு தளத்தின் ஒழுகல் அடைக்கப்பட்டது' என்று எந்த ஊரிலும் கல்வெட்டு வைத்ததில்லை.

1965 அக்டோபர் 2 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த அந்த நாட்களில், 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு இயக்கம் ஊர் ஊராகப் போனது. அரசு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது. நிலம், பெஞ்சு, கடிகாரம், மணி, சுண்ணாம்பு ஆகியவற்றை ஊர் கொடுத்தது. மராமத்து அப்போது பெரிய சொல் இல்லை. குரங்கு ஏறி ஓடு உடைந்தால் மழைக்கு முன் யாராவது ஏணி வைத்து மாற்றிவிடுவார்கள். எஸ்டிமேட், டெண்டர், உதவிப் பொறியாளர் கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

இதைச் சொல்லும்போது பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. கொடுக்க வசதியுள்ள ஊரில் பள்ளி நன்றாக இருந்தது. வானம் பார்த்த பூமியில், சித்தேரி போன்ற மலையூர்களில், காலனிப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிகளில் கொடையாளிக்கு எங்கே போவது? பொதுப்பணம் வந்து சேர வேண்டிய இடங்கள் அவைதாம்.

வந்தது, தாமதமாக. பெண்கள் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே கிடந்த மாவட்டங்களைத் தேர்ந்து மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1994-இல் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் முதல் பட்டியலிலேயே தர்மபுரி இருந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது இந்த மாவட்டத்தில்தான். மொத்தச் செலவில் 24 சதவீதத்துக்கு மேல் கட்டடத்துக்குப் போகக் கூடாது என்று அந்தத் திட்டத்தில் விதியே இருந்தது. அதற்குள் செலவு குறைந்த முறையில் அறைகள் எழுந்தன. பின்னால் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் கட்டும் பொறுப்பைக் கிராமக் கல்விக் குழுவின் கையிலேயே கொடுத்தது. 2004-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகிய பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளுக்கு இடமில்லாமல் போனது. எங்கும் கான்கிரீட்.

ஓட்டுக் கூரையும் கான்கிரீட் தளமும் வேறு வேறு விதமாகக் கெடும். ஓடு உடைந்தால் வெயில் உள்ளே விழும், உடனே தெரியும். தளத்தில் நீர் இறங்குவது பல ஆண்டுகளுக்குத் தெரியாது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி காரையைத் தள்ளும். ஒரு நாள் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். மேலே ஓடு பதித்து, அரசங்கன்றும் ஆலங்கன்றும் வேர் விடாமல் பிடுங்கி, வடிகுழாயில் சருகு அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு ஆளும் இல்லை, நிதி ஒதுக்கத் தலைப்பும் இல்லை. அன்றைக்குப் புதுக் கட்டடம் என்று பெயர் வாங்கிய 1990-களின் அறைகள் இன்று முப்பது வயதைத் தொட்டு மராமத்து வரிசையில் நிற்கின்றன.

2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேகம் வந்தது. 2022-23 நிதிநிலை அறிக்கையில், 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதுவும் பெரும்பாலும் புதிய வகுப்பறைக்கான பணம்.

பராமரிப்புக்கு என்று பள்ளியின் கையில் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. சாக்பீஸ், துடைப்பம், மின்கட்டணம், சுண்ணாம்பு எல்லாம் அதற்குள். தலைக்கணக்கில் அளக்கும் இந்த முறை மலைப் பள்ளிக்குப் பொருந்தவே பொருந்தாது. பிள்ளைகள் அறுபதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைந்தால் மானியம் பாதிக்கும் கீழே போகிறது. தளத்தின் சதுர அடி அப்படியேதான் இருக்கிறது, அதன்மேல் விழும் மழையும். கட்டடத்தின் பரப்பையும் வயதையும் வைத்துப் பராமரிப்புத் தொகை ஒதுக்க ஒரு விதி எழுதுவது அவ்வளவு கடினமா?

நவீனமயம் என்ற பேச்சும் இங்கேதான் இடறுகிறது. ஒரு குண்டு பல்பும் மின்விசிறியும் போட்ட பழைய வயரிங்கில் ஸ்மார்ட் போர்டைச் சொருக முடியாது. தண்ணீரில் மட்டும் காலம் உண்மையாகவே மாறியது என்று சொல்லலாம். ஃப்ளோரைடு கலந்த கிணற்று நீரால் பற்கள் பழுப்பேறிய பிள்ளைகள் இந்த மாவட்டத்து வகுப்பறைகளில் சாதாரணக் காட்சியாக இருந்தார்கள். ஜப்பான் கடனில் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் காவிரித் தண்ணீரைக் குழாய்க்குக் கொண்டுவந்தது.

இதற்கிடையே டெல்லியும் சென்னையும் மல்லுக்கு நின்றன. மாதிரிப் பள்ளிகளுக்கான பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்தோடு முடிச்சுப் போட்டது தவறு. ஓட்டை அடைக்கவும் வெள்ளையடிக்கவும் பள்ளிக்கு வரும் அந்தப் பத்தாயிரமும் இருபத்தையாயிரமும் இதே கணக்கில் அடங்கியவைதாம்.