கடலுக்கடியில் கறுப்பு உருளைக்கிழங்கு!

டார்ச் லைட்டில் போடுகிற பேட்டரிக் கட்டை உடைந்து கிடந்தால் உள்ளே கறுப்புத் தூள் தெரியும், பார்த்திருப்பீங்க. அதில் பெரும்பங்கு மாங்கனீஸ் டை ஆக்சைடு. நம் ஆய்வகத்தில் ஆக்சிஜன் தயாரிக்கும்போது வினையூக்கியாகச் சேர்ப்பதும் இதைத்தான். இந்த மாங்கனீஸ், இரும்போடு சேர்ந்து, 5 கி.மீ. ஆழத்தில் கடல் தரையில் உருளைக்கிழங்கு மாதிரி உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது என்றால் நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். புத்தகங்களில் இதைப் 'பல உலோக முடிச்சு' என்பார்கள். நாம உருண்டைன்னே சொல்லுவோம்.

முதலில் பார்த்தது யார்?

1872-ல் இங்கிலாந்திலிருந்து 'சேலஞ்சர்' என்ற கப்பல் புறப்பட்டது. சண்டை போட இல்லை, கடலைப் பற்றிப் படிக்க. 1873 பிப்ரவரியில் கானரித் தீவுகளுக்கு அப்பால், அட்லாண்டிக் கடலின் அடியை வாரி இழுத்தபோது இந்தக் கறுப்புக் கட்டிகள் வந்தன. நம் நாட்டுக்கு முதல் உருண்டை கிடைத்தது 1981 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று! 'கவேஷணி' என்ற ஆய்வுக் கப்பல் அரபிக் கடலிலிருந்து எடுத்தது.

எப்படி உருவாகுது?

உப்புத்தண்ணி பிடிக்கிற குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படியுமே, ஏறக்குறைய அதே கதைதான். ஆறுகளும், கடலடி வெந்நீர் ஊற்றுகளும் இரும்பையும் மாங்கனீஸையும் கரைத்துக் கடலில் சேர்க்கின்றன. ஆழ்கடல் நீரில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்ததும் அவை கரையாத நுண்துகளாக மாறும். ஏதாவது கெட்டியான பொருள் கிடைத்தால் அதன்மேல் படியும். அது ஒரு சுறாப் பல்லாக இருக்கலாம், ஒரு கல் துண்டாக இருக்கலாம். வெங்காயம் மாதிரி அடுக்கு மேல் அடுக்கு. போகப் போக நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். சேற்றுக்குள் இருக்கும் நீரிலிருந்தும் மாங்கனீஸ் மேலேறி வந்து படிவதுண்டு.

கடலடி மலைகளின் பாறைமேல் இதே மாதிரி படிந்தால் உருண்டை ஆகாது, தகடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதுதான் பொருக்கு. இதில் கோபால்ட் அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு

உருண்டை 10 லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், ஒரு அரிசி நீளம். 6 செ.மீ. குறுக்களவு உள்ள உருண்டைக்கு ஆரம் 30 மி.மீ. அப்படியானால் அதன் வயது 60 லட்சம் வருஷம்! நம்ம மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷம்தான். அந்தக் காலம் முழுக்கச் சேர்ந்தும் அது பருத்தது ஒன்றரை மில்லிமீட்டர்!

வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு உண்டாகிறது. மழையோடு கடலில் விழுந்து இந்த அடுக்குகளில் சிக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 14 லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். மேல் அடுக்கில் எவ்வளவு, உள் அடுக்கில் எவ்வளவு என்று அளந்தால் வயசு தெரிந்துவிடும். ரொம்பப் பழைய அடுக்குகளுக்கு வேறு முறைகள் இருக்கின்றன. சில பொருக்குகள் 6 கோடி வருஷத்துக்கும் மேல் பழசு. அந்தந்தக் காலத்துக் கடல் எப்படி இருந்தது என்பதை அதன் அடுக்குகளே சொல்லும்.

தீராத புதிர்

ஆழ்கடலில் சேறு 1000 வருஷத்துக்கே சில மி.மீ. படிகிறது. உருண்டையைவிட ஆயிரம் மடங்கு வேகம். அப்படின்னா உருண்டை எப்பவோ புதைஞ்சு போயிருக்கணும் இல்லையா? ஆனால் நிறைய உருண்டைகள் மேலேயே கிடக்கின்றன! கடலடி உயிர்கள் நகரும்போது அசைத்து விடுகின்றன என்கிறார்கள் சிலர். நீரோட்டம் சேற்றை அடித்துப் போகிறது என்கிறார்கள் வேறு சிலர். முடிவு இன்னும் வரவில்லை. நம்மில் யாராவது கண்டுபிடிக்கலாம்!

சென்னைக்கும் இதில் பங்கு

இந்தியாவுக்கு மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் ஆய்வு செய்யும் உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்! இதற்கான ஒப்பந்தம் சர்வதேசக் கடல்தரை ஆணையத்தோடு 2002-ல் போடப்பட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'வராஹா' என்ற இயந்திரத்தை 2021-ல் அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் இறக்கி ஓட்டிப் பார்த்தது. அந்த ஆழத்தில் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல 500 மடங்குக்கும் மேல்.

எடுக்கலாமா, கூடாதா?

காய்ந்த உருண்டை 100 கிலோவில் சுமார் 24 கிலோ மாங்கனீஸ், நிக்கலும் செம்பும் தலா 1 கிலோ அளவுக்கு, கோபால்ட் 100 கிராம் அளவுக்கு இருக்கும். மின்சார வண்டி பேட்டரிக்கு இவை தேவை. அதனால் பல நாடுகளுக்கு இதன்மேல் கண்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. சேற்றுத் தரையில் ஒட்டி வாழ இடம் இல்லாத கடற்பஞ்சு போன்ற உயிர்களுக்கு இந்த உருண்டைதான் வீடு. 1979-ல் பசிபிக் கடலில் ஓர் இயந்திரத்தை ஓட்டிச் சோதித்தார்கள். 2023-ல், 44 வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதன் தடம் அப்படியே இருந்தது! சில சின்ன உயிர்கள் திரும்பியிருந்தன. உருண்டைகள் மட்டும் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்க.

நெல்லை அறுத்தால் அடுத்த போகம் விதைக்கலாம். இதை எடுத்தால் மறுபோகம் கிடையாது. அதனால் முதலில் நன்றாகப் படிக்கணும், பிறகுதான் கை வைக்கணும் என்பது என் கருத்து. உங்க கருத்து என்ன? ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்பு போட்டு, சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்க. மாற்றுக் கருத்துக்கும் இடம் உண்டு!