தேநீர்க் கடைகளும் கணிப்பொறியும்

கணிப்பொறி என்றவுடன் ஆராய்ச்சிக் கூடமே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் வணிக அலுவல்களில் அதனை அன்றாடம் பயன்படுத்த முதலில் முன்வந்தது, இங்கிலாந்தில் ரொட்டியும் கேக்கும் தயாரித்துத் தேநீர்க் கடைகளை நடத்தி வந்த லயன்ஸ் கம்பெனியாகும்.

1947-ஆம் ஆண்டில் அதன் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்று புதிய மின்னணுப் பொறிகளைப் பற்றி அறிந்து வந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் உருவாகி வந்த எட்சாக் பொறிக்குக் கம்பெனி பொருளுதவி செய்தது. அதனைத் தழுவி ‘லியோ’ என்னும் பொறியைத் தானே அமைத்துக் கொண்டது. 1951 நவம்பரில் ரொட்டிச் சாலைகளின் மதிப்பீட்டுக் கணக்கை லியோ ஏற்றது. தேர்ந்த குமாஸ்தா ஒருவர் எட்டு நிமிடங்களில் போடும் ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கைப் பின்னர் அது ஒன்றரை விநாடியில் முடித்தது.

எனினும் வேகத்தினும் சிறந்தது வேலைமுறையில் நேர்ந்த மாறுதலே. கேக் போன்றவை விரைவில் கெடும் பண்டங்கள். மிகுதியாக அனுப்பினால் வீணாகும். குறைவாக அனுப்பினால் வாடிக்கையாளர் வெறுங்கையுடன் திரும்புவர். ஆகவே ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான தேவைப் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. கடையின் பொறுப்பாளரான பெண்மணி அதில் வேண்டிய மாறுதல்களை மட்டும் தொலைபேசியில் தெரிவித்தால் போதும். அவை அட்டைகளில் துளையிடப்பட்டுப் பொறியினுள் செலுத்தப்பட்டன. எவ்வளவு தயாரிப்பது, எக்கடைக்கு எதனை அனுப்புவது என்னும் விவரங்களை லியோ அச்சிட்டுத் தந்தது.

இத்திட்டம் திடீரெனத் தோன்றியதன்று. வேலைமுறைகளை ஆராய்வதற்கென்றே 1930-களில் தனி அலுவலகம் அமைத்திருந்த கம்பெனி அது. யார், எச்செய்தியை, எப்பொழுது, எதன் பொருட்டுத் தர வேண்டும் என்பதை முதலில் தெளிந்து கொண்டமையாலேயே பொறி பயன் தந்தது. கூட்டுறவுச் சங்கத்திலாயினும் பள்ளியிலாயினும் கணிப்பொறியை அமைப்போர் முதற்கண் எழுப்ப வேண்டிய வினா இதுவே.