இருபத்தொன்றைத் தாண்டினால் அவுட்

ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டால் விடுதி அறைகளில் சீட்டுக்கட்டு வெளியே வரும், பெரும்பாலும் ரம்மிதான். கோவா, கொழும்பு கேசினோக்களில் பிளாக்ஜாக் மேசையும் உண்டு. இலக்கு 21. ராஜா, ராணி, ஜாக்கிக்குத் தலா 10. ஆஸுக்கு 1 அல்லது 11, நம் வசதிப்படி. கையில் ராணியும் ஆறும் இருக்கின்றன. இன்னொரு சீட்டு கேட்கலாமா? 5 வந்தால் யோகம், 6 வந்தால் அவுட். சீட்டு போடுபவருக்கு இந்தக் குழப்பமே இல்லை: 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் வழக்கமாக நிறுத்திவிடுவார். ஆனாலும் கணக்கு அவர் பக்கம்தான் சாயும். முதலில் ஆடுவது நாம். தாண்டினால் பணம் அப்போதே போச்சு. பிறகு அவரும் தாண்டினாலும் திரும்ப வராது. தமிழ்நாட்டில் கேசினோவுக்கு அனுமதியில்லை. 1930-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் சேர்த்துத்தான். ஆசைக்கு ஆடிப் பார்க்க, பணயம் வைக்க, ஏற்காட்டில் காப்பிக்கொட்டைக்கா பஞ்சம்?