குறுந்தட்டுப் பாடல்களைக் கணினியில் ஏற்றும் முன்...

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு வாங்கிச் சேர்த்த குறுந்தட்டுகள் இன்னமும் பல வீடுகளில் அலமாரியை நிறைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால், இப்போது வரும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தட்டைப் போட இடமே இல்லை. தனியாக ஒரு சிடி டிரைவ் வாங்கிச் செருகித்தான் பாடல்களைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

அப்படி ஏற்றும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: எம்பி3யா, ஏஏசியா, டபிள்யூஎம்ஏவா, வேவா, ஃபிளாக்கா? பலரும் படித்துப் பார்க்காமல் 'சரி' என்று அழுத்திவிடுகிறார்கள். வேலையே அங்கேதான் கெடுகிறது.

குறுந்தட்டில் ஒலியானது விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10 எம்பி இடம் வேண்டும். 1990களின் கணினிகளுக்கு அது தாங்காத சுமை. அப்போதுதான் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கழகத்தினர் முன்னின்று உருவாக்கிய எம்பி3 கைகொடுத்தது. பெரிய ஒலியின் அருகே ஒலிக்கும் சிறிய ஒலியைக் காது கவனிப்பதில்லை. ஆகவே அதை நீக்கிவிடலாம் என்பதே அதன் சூத்திரம். 128 கிலோபிட் அளவில் பதிந்தால் நிமிடத்திற்கு ஒரு எம்பி போதும். அதாவது, பதினொன்றில் ஒரு பங்கு!

நீக்கியது எங்கே தெரியும்? பழைய படப்பாடலில் தனிக்குரலைக் கேட்டால் அவ்வளவாகத் தெரியாது. பஜனைப் பாடலின் ஜால்ராவைக் கேளுங்கள்; கணீரென்று ஒலிக்க வேண்டியது தண்ணீர் சலசலப்பதுபோல் கேட்கும். 256, 320 என்று கூட்டி வைத்தால் பெரும்பாலோரின் காதுக்கு வித்தியாசம் பிடிபடாது. காரில் போகும்போது கேட்பதற்கு அது தாராளம்.

அப்படியானால் எம்பி3யே போதாதா? கேட்பதற்குப் போதும், சேமித்து வைப்பதற்குப் போதாது. பிறப்புப் பத்திரத்தின் அசலைப் பெட்டியில் பூட்டிவிட்டு நகலைத்தானே வெளியே கொண்டு போகிறோம்! நாளை வேறொரு வடிவம் வந்து, எம்பி3யை அதற்கு மாற்றினால், ஏற்கெனவே குறைந்தது மேலும் குறையும். எம்பி3யை வேவ் ஆக மாற்றினாலும் கோப்புதான் பருக்கும். போன ஒலி திரும்பாது. சக்கையில் தண்ணீர் ஊற்றினால் கரும்புச்சாறு கிடைக்குமா?

அசலுக்கு ஏற்றது ஃபிளாக். 2001இல் வெளிவந்த இந்த இலவச வடிவம் எதையும் நீக்காமல், மடித்து வைப்பதுபோல் இடத்தை மட்டும் ஏறக்குறைய பாதியாக்குகிறது. 200 தட்டுகளுக்கு 80 ஜிபி அளவில் ஆகலாம்; இன்றைய சிறிய பென் டிரைவிலேயே அடங்கிவிடும். வேவ் கோப்பும் எதையும் இழக்காது. ஆனால் இடத்தை அடைக்கும், பாடலின் பெயர் விவரங்களையும் ஒழுங்காகத் தாங்காது. ஆப்பிள் கருவிகளையே நம்பியிருப்பவர்களுக்கு ஏஎல்ஏசி உண்டு. தேவைப்பட்டால் அதிலிருந்து ஃபிளாக்கிற்கு இழப்பின்றி மாறலாம். டபிள்யூஎம்ஏ வேண்டவே வேண்டாம். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் 'நகல் பாதுகாப்பு' என்றொரு தெரிவு இருந்தது. அதில் குறியிட்டு ஏற்றிய பாடல்கள், கணினியை மாற்றியதும் திறக்காமல் அடம்பிடித்தன.

கீறல் விழுந்த தட்டுகளுக்கு, பிழை தென்பட்டால் அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்கும் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற மென்பொருள் நல்லது. படம், இசையமைப்பாளர், பாடியவர் பெயர்களை ஏற்றும்போதே தட்டச்சு செய்துவிடுங்கள். இணையத்திலிருந்து தானாக வரும் தமிழ்ப் பாடல் பெயர்களில் எழுத்துப்பிழைக்குக் குறைவிருக்காது.

இன்னொன்று. ஒரே தட்டில் நூறு, நூற்றைம்பது பாடல்கள் என்று கடைத்தெருவில் மலிவாக விற்றார்களே, அவை முன்பே எம்பி3 ஆனவை. அவற்றை ஃபிளாக்காக மாற்றிச் சிரமப்பட வேண்டாம். இருக்கிறபடியே கணினிக்கு நகலெடுத்தால் போதும்.