இங்கே கடல் வந்தது, அங்கே கடல் போனது

தம்பி தங்கைகளே, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அகலும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண் பாறையிலிருந்து பிறக்கிறது. பாறையில் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் இருக்கிறது. மழைநீர் ஊறி ஊறி அது சிதைந்தால் களிமண். மேற்கே மேட்டுநிலத்தில் சிதைந்ததை ஆறுகள் அடித்து வந்து கிழக்கே பள்ளத்தில் சேர்த்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது இந்தக் களிமண்ணும் கிடைக்கிறது.

பள்ளத்தை யார் வெட்டினார்கள்?

பூமியின் மேற்பகுதி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுள்ள தட்டுகளாகப் பிளந்து கிடக்கிறது. அவை நெருப்புக் குழம்பில் மிதப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீழே இருப்பதும் பாறைதான். கடும் சூட்டில், உருகாமலே, மிக மிக மெதுவாக நகர்கிறது. கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கும். அதன் ஓரம் பூமிக்குள் மூழ்கும்போது பின்னாலிருக்கும் தட்டையும் இழுத்துக்கொண்டு போகும். தட்டுகள் நகர முக்கியக் காரணம் இந்த இழுப்பு.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியது. அப்போது நம் கிழக்கு ஓரம் இழுபட்டு, விரிசல் விட்டு, பாளம் பாளமாகக் கீழே இறங்கியது. அந்தப் பள்ளம், அதாவது காவிரிப் படுகை, உருவானது அப்படித்தான். பிறகு கடல் உள்ளே புகுந்தது.

நம்பிக்கை வரவில்லையா? விருத்தாசலத்தில் திருச்சி ரயிலேறி அரியலூரில் இறங்குங்கள். அங்கே சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் கடல் சிப்பிகள் கல்லாகி ஒட்டியிருக்கின்றன. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டும் உண்டு. அந்த உயிரினம் இன்று உலகில் எங்குமே இல்லை. வாரணவாசி அருங்காட்சியகத்தில் இவற்றைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. கரையில் வளர்ந்து, கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லான மரம் அது. கட்டாயம் போய்ப் பாருங்கள்!

பிரிந்த இந்தியா வடக்கே விரைந்தது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் போனது. தட்டுகளுக்கு அது பெரிய வேகம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. நடுவிலிருந்த டெத்திஸ் கடல் மூடிக்கொண்டது; அதன் அடியில் படிந்திருந்த பாறைகள் மடிந்து இமயமலையாக எழுந்தன. எவரெஸ்டின் உச்சியிலும் சுண்ணாம்புக்கல்தான், அதிலும் கடல் உயிர்களின் எச்சங்கள்தான்.

மோதல் முடியவில்லை. நம் தட்டு இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர், உங்கள் விரல்நகம் வளரும் வேகத்தில், வடகிழக்காக நகர்கிறது. அந்த நெருக்குதலில்தான் இமயமலைப் பக்கம் அடிக்கடி நிலம் நடுங்குகிறது.