கூத்துமாடத்து விளக்கொளியில் கம்பன்

பாலக்காட்டுச் சீமையில் பகவதி கோயில்கள் பலவற்றின் எதிரே, சன்னிதியை நோக்கியபடி, நீண்டு ஒடுங்கிய மண்டபமொன்று தனித்து நிற்கும். ஆண்டின் பெரும்பகுதி வெறிச்சென்று கிடக்கும் அந்தக் கூத்துமாடத்தில், அறுவடை முடிந்த மாதங்களில், 7, 14, 21 என்று அந்தந்தக் கோயிலின் சம்பிரதாயப்படி இரவுதோறும் தோல்பாவைக்கூத்து நடைபெறுகிறது. தாரிகாசுரனோடு போர் புரிந்துகொண்டிருந்த பத்ரகாளிக்கு இராம ராவண யுத்தத்தைக் காணும் பாக்கியம் கிட்டவில்லையென்றும், அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கூத்து ஏற்பட்டதென்றும் ஐதீகம்.

மேலே வெள்ளையும் கீழே கறுப்புமான நெடுந்திரையின் பின்னால், வரிசையாக 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்துத் திரி ஏற்றுகிறார்கள். அதற்கான நெருப்பும் கோயில் தீபத்திலிருந்தே வருகிறது. மான்தோலில் செதுக்கிய பாவையின் கிரீடத்திலும் ஆரத்திலும் ஆடைக்கரையிலும் உளியால் குத்திய நுண்துளைகளின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் திரையில் விழ, காற்றில் சுடர் நடுங்கும்போதெல்லாம் நிழலும் நடுங்கி, அசையாமல் நிறுத்திய பாவையும் மூச்சு விடுவதுபோல் தோன்றும். மின்விளக்குக்கு இந்த வித்தை வராது.

அங்கே பாடப்படுவது நம் கம்பராமாயணம். செய்யுள் தமிழ், வியாக்கியானம் தமிழும் மலையாளமும் கலந்தது. பாவையாட்டுவோருக்குப் புலவர் என்றே பட்டம். சுவடிகள் உண்டெனினும், மாடத்துக்குள் அவர்களுக்குத் துணை நிற்பது குருமுகமாகக் கேட்டு நெட்டுருப் போட்ட ஞாபகசக்திதான். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் ஆட்சேபம் எழுப்ப, மற்றொருவர் புராணத்தையும் இலக்கணத்தையும் துணைக்கழைத்துச் சமாதானம் கூற, தர்க்கம் விடியுமட்டும் நீளும்.

இத்தனைக்கும் வெளியே முற்றத்தில் பெரும்பாலும் ஆளிருக்காது. இக்கூத்தை ஆராய்ந்து 1996-இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், புலவர்கள் தமக்குத் தாமே சபையாக அமைந்துவிடும் இந்த விசித்திரத்தை விரிவாக எழுதியிருக்கிறார். தேவி கேட்கிறாள் என்ற நம்பிக்கை இருக்கும்போது ஜனக்கூட்டம் எதற்கு?

ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வெளியூர் மேடைகளுக்காகக் கதையை ஒரு மணி நேரமாகச் சுருக்கியும், காந்தியின் வாழ்க்கையைப் பாவையில் அமைத்தும் அவர் குடும்பத்தார் ஆடுகிறார்கள். அதைக் குறை கூறுவது நியாயமன்று, வயிறு இருக்கிறதே! ஆனால் ஒரு மணி நேரக் கூத்துக்கு ஓரிரவுச் செய்யுள் வேண்டியதில்லை. வேண்டாத செய்யுளை அடுத்த தலைமுறை எதற்காக மனனம் செய்யும்? ஆண்டுதோறும் கம்பன் விழா எடுக்கும் நம்மவர், இந்தப் புலவர்களை ஒருமுறையேனும் வரவழைத்து, மேடையின் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, முழு இரவும் பாடச்சொல்லிக் கேட்கவேண்டும். சன்மானத்தோடு எண்ணெய்ச் செலவையும் மறவாமல் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.