பளபளப்புக்கு நிறம் உண்டோ?

குரோமிய முலாம் பூசிய மோட்டார் சைக்கிளின் நிறம் யாது? வெள்ளி நிறம் என்று உடனே விடை கூறிவிடலாம். ஆனால், ஓவியர் ஒருவர் வெள்ளி வண்ணத்தைக் குழைத்துப் புகைக்குழாயைத் தீட்டினால், கித்தானில் தோன்றுவது மங்கிய சாம்பல் நிறக் குழாயாகவே இருக்கும். பளபளப்பு அதில் வாராது. இப்புதிரைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் டாம் பிளாக்வெல் என்னும் அமெரிக்க ஓவியர். சிகாகோவில் 1938-இல் பிறந்து 2020-இல் மறைந்த அவர், மோட்டார் சைக்கிள்களைத் தத்ரூபமாகத் தீட்டிப் புகழ் பெற்றவர்.

தொடக்கத்தில் அவர் உருவமற்ற அரூப ஓவியங்களையே வரைந்தார். 1960-களின் இறுதியில் அமெரிக்க ஓவியர் சிலர் நிழற்படத்தை ஆதாரமாகக் கொண்டு வரையத் தலைப்பட்டனர். இம்முறைக்கு லூயிஸ் மைசல் என்னும் கலைக்கூட உரிமையாளர் 1969-இல் 'போட்டோரியலிசம்' எனப் பெயரிட்டார். பிளாக்வெல் இந்நெறியின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இவ்வகை ஓவியர் பலர் முதலில் பொருளை நிழற்படம் எடுப்பர். பின்னர் இருட்டறையில் அப்படத்தைக் கித்தான்மீது ஒளிபாய்ச்சிப் பெரிதாக்கிக் கோடுகளைக் குறிப்பர். அல்லது கட்டம் கட்டமாகப் பிரித்துப் பெருக்குவர். சென்னையில் சினிமா பானர் வரைந்த நம் ஓவியர்களும் இக்கட்ட முறையை நன்கு அறிந்தவர்களே.

ஆயினும் கோடு வரைவது தொடக்கமே. அருமை வண்ணத்தில் இருக்கிறது. குரோமியப் பரப்பு ஒரு கண்ணாடி. முன்விளக்கின் வளைந்த கூட்டை உற்று நோக்கினால், மேலே நீல வானம், கீழே மண்ணின் பழுப்பு, இடையே கரிய கோடாக அடிவானம் ஆகியவற்றைக் காணலாம். பக்கத்துக் கட்டடங்கள் அதில் வில்லாய் வளையும். ஆழ்ந்த கருமைக்கு அருகே தூய வெண்மையை மங்கவிடாமல் கூர்மையாக நிறுத்தும்போதுதான் நம் கண் அதனை உலோகம் என ஏற்கிறது. ஆகவே வண்டியை வரைபவர் உண்மையில் அதன் சுற்றுப்புறத்தையே வரைகிறார்.

காமிரா நொடியில் செய்வதை ஓவியர் நெடுநாள் உழைத்துச் செய்வானேன் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அது நியாயமான கேள்வியே. இந்நெறியில் வெறும் கைத்திறனோடு நின்றுவிட்ட படங்களும் உண்டு. அவை முதல் வியப்புக்குப்பின் நம்மை நிறுத்துவதில்லை. ஆனால், பேருருவில் தீட்டிய எஞ்சின் ஒன்றின் அருகே சென்றால், வண்டி மறைந்து வண்ணத் திட்டுகளே எஞ்சுகின்றன. விலகி நின்றால் உலோகம் மீண்டும் மின்னுகிறது. சிறிய நிழற்படத்தில் இவ்வனுபவம் கிட்டாது. திரும்பிப் பார்க்கும்போது, பிளாக்வெல் இளமையில் பயின்ற அரூபக் கலை வீண்போகவில்லை என நாம் உணர்கிறோம்.

அவர் கடைகளின் கண்ணாடிச் சாளரங்களையும் பெரிதும் வரைந்தார். உள்ளே இருக்கும் துணிமணியும் வெளியே செல்லும் தெருவும் ஒரே கண்ணாடியில் கலந்து நிற்பதை அவற்றில் காணலாம். மோட்டார் சைக்கிளிடம் அவர் கேட்ட கேள்வியே அங்கும் தொடர்கிறது.

மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நேயர்கள், தெருவோரம் நிற்கும் வண்டியின் முன்விளக்கை ஒருமுறை நின்று பார்ப்பார்களாக. வெள்ளி நிறத்தை அங்கே தேடினால் அகப்படாது. நாம் குடியேறிய ஊர்தான் சிறிதாய் வளைந்து அதில் தெரியும்.